நிர்பீக் (சுழல் துப்பாக்கி)

நிர்பீக் என்பது இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியத்தின் கான்பூர் தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்டு, 2014 ஜனவரியில் வெளியிடப்பட்ட .32 அங்குல அளவுச் சுழல் துப்பாக்கி (ரிவால்வர்) ஆகும். இதில் ஆறு தோட்டாக்களை இடலாம். பெண்களின் தற்காப்பைக் கருத்திற்கொண்டு உருவாக்கப்பட்ட முதல் இந்தியத் துப்பாக்கி என இது அறிமுகப்படுத்தப்பட்டது. டைட்டானியக் கலப்புலோகத்தைப் பயன்படுத்தியதன் மூலம் இதன் எடை ஏறத்தாழ 500 கிராமாகக் குறைக்கப்பட்டது. இதே தோட்டாவைச் சுடும் பழைய கான்பூர் எஃகுச் சுழல் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 700 கிராம் ஆகும்.

எடை குறைந்த துப்பாக்கி சுமப்பதற்கு எளிது, சுடுவதற்குக் கடினம். உலகின் பிற பகுதிகளில் அலுமினியத்தாலும் பல்லுறுப்பியாலும் (பாலிமர்) செய்யப்பட்ட சிறு சுழல் துப்பாக்கிகளுக்கும் இதே முரண்பாடு உண்டு. இக்கட்டுரை நிர்பீக்கை அதற்கு முந்தைய எஃகுத் துப்பாக்கியுடனும், அமெரிக்காவின் பல்லுறுப்பிச் சுழல் துப்பாக்கியுடனும் ஒப்பிடுகிறது. அத்துடன் இந்தியச் சட்டச் சூழலில் எடைக் குறைப்பின் பயன் எவ்வளவு என்பதையும் விளக்குகிறது.

பெயர்க் காரணம்

நிர்பீக் என்னும் இந்திச் சொல்லுக்கு அச்சமற்ற என்பது பொருள். 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் ஓடும் பேருந்தில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகி, டிசம்பர் 29 அன்று உயிரிழந்த மாணவியை ஊடகங்கள் நிர்பயா என்று குறிப்பிட்டன. அச்சொல்லுக்கும் இதுவே பொருள். துப்பாக்கியின் பெயர் அந்நிகழ்வை நினைவூட்டும் வகையில் அமைந்தது. இப்பெயரே பின்னர் கடும் விமர்சனத்துக்கும் உள்ளானது.

குட்டைக்குழல் சுழல் துப்பாக்கிகள்

குழலின் நீளம் ஏறத்தாழ 3 அங்குலம் (76 மி.மீ.) அல்லது அதற்கும் குறைவாக உள்ள சுழல் துப்பாக்கிகள் குட்டைக்குழல் துப்பாக்கிகள் எனப்படுகின்றன. சட்டைப் பையிலோ கைப்பையிலோ வெளியே தெரியாமல் வைத்துக்கொள்வதற்காகவே இவை குறுக்கப்பட்டன. 1927 இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட டிடெக்டிவ் ஸ்பெஷல் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 1950 இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் சீஃப்ஸ் ஸ்பெஷல் துப்பாக்கியை வெளியிட்டது. பின்னர் மாடல் 36 எனப் பெயரிடப்பட்ட அது, ஏறத்தாழ 553 கிராம் எடையுள்ளது. எஃகுக் குட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு இதுவே அளவுகோலாகக் கருதப்படுகிறது.

எடையைக் குறைக்கும் முயற்சி உடனேயே தொடங்கிவிட்டது. கோல்ட் நிறுவனத்தின் கோப்ரா 1950 இல் அலுமினியச் சட்டகத்துடன் வந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் சட்டகத்துடன் உருளையையும் அலுமினியத்தால் செய்து பார்த்தது. ஆனால் அழுத்தத்தைத் தாங்காமல் உருளைகள் விரிசல் விட்டதால், விரைவிலேயே எஃகு உருளைக்குத் திரும்ப நேர்ந்தது. எந்தப் பாகத்தை இலகுவாக்கலாம், எதை ஆக்கக்கூடாது என்பதற்கு இந்நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு.

2009 இல் ரூகர் நிறுவனம் எல்.சி.ஆர். என்னும் சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. இதன் கீழ்ப்பகுதி, அதாவது விசையும் அதைச் சார்ந்த உறுப்புகளும் அமர்ந்திருக்கும் கூடு, பல்லுறுப்பியால் ஆனது. இதன் எடை ஏறத்தாழ 383 கிராம். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஸ்மித் அண்ட் வெஸன், டாரஸ் ஆகிய நிறுவனங்களும் பல்லுறுப்பி கலந்த சுழல் துப்பாக்கிகளை வெளியிட்டன.

இந்தியாவில் .32 சுழல் துப்பாக்கி

இந்தியாவில் 9 மி.மீ., .38, .455 போன்ற படை மற்றும் காவல்துறை அளவுக் கைத்துப்பாக்கிகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனிநபர்கள் இறக்குமதி செய்வதும் பெரிதும் நிறுத்தப்பட்டது. இவ்விரு காரணங்களால், உரிமம் பெற்ற ஓர் இந்தியர் புதிதாக வாங்கக்கூடிய சுழல் துப்பாக்கி என்பது நெடுங்காலம் அரசுத் தொழிற்சாலையின் .32 துப்பாக்கியாகவே இருந்தது.

கான்பூரில் செய்யப்படும் இத்துப்பாக்கி, பிரித்தானிய வெப்லி நிறுவனத்தின் .38 மார்க் 4 துப்பாக்கியின் வடிவைத் தழுவியது. மேற்புறத் தாழ்ப்பாளை விடுவித்து, குழலை முன்பக்கம் கீழ்நோக்கி மடக்கினால் உருளை வெளிப்படும். சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளும் ஒருசேர வெளியேறும். முழுதும் எஃகால் ஆன இதன் குழல் நீளம் 76 மி.மீ. ஆகும்.

நிர்பீக்கின் அமைப்பு

நிர்பீக் புதிய இயங்குமுறை எதையும் கொண்டுவரவில்லை. வெப்லி வழியில் வந்த பழைய அமைப்பையே இலகுவான உலோகத்தில் மறுஆக்கம் செய்தது எனலாம். கைப்பைக்குள் அடங்கும் உருவமும் குறைந்த எடையுமே இதன் சிறப்புகளாக முன்வைக்கப்பட்டன. நகைப்பேழை போன்ற அரக்கு நிறப் பெட்டியில் வைத்து இது விற்கப்பட்டது. வெளியீட்டின்போது இதன் விலை 1,22,360 ரூபாய்.

பொருள்களும் எடையும்

துப்பாக்கியில் பயன்படும் பொருள்களின் அடர்த்தி (ஒரு கன செ.மீ. அளவுக்கு, தோராயமாக) பின்வருமாறு:

- எஃகு: 7.8 கிராம்
- டைட்டானியம்: 4.5 கிராம்
- அலுமினியம்: 2.7 கிராம்
- கண்ணாடியிழை கலந்த நைலான் வகைப் பல்லுறுப்பி: 1.3 முதல் 1.5 கிராம்

அடர்த்தியை மட்டும் பார்த்தால் துப்பாக்கி முழுவதையும் பல்லுறுப்பியால் செய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் தோட்டா வெடிக்கும் கணத்தில் உருளையின் அறைக்குள் பல நூறு வளிமண்டல அழுத்தம் உண்டாகிறது. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளி வழியாகச் சுடர்விடும் வாயு பக்கவாட்டில் பீறிடுகிறது. இவற்றைப் பல்லுறுப்பி தாங்காது. எனவே எல்.சி.ஆர். துப்பாக்கியிலும் உருளை எஃகாலானது. குழலையும் உருளையையும் தாங்கும் மேற்சட்டகம் அலுமினியக் கலப்புலோகத்தாலானது. வலுமிக்க .357 மேக்னம் தோட்டாவுக்கான வகையில் அச்சட்டகமும் எஃகாக மாறியது. எடை ஏறத்தாழ 485 கிராமாக உயர்ந்தது. ஆகவே பல்லுறுப்பிச் சுழல் துப்பாக்கி என்பது முழுமையான பெயரன்று. அழுத்தம் தாக்காத பகுதியை மட்டும் பல்லுறுப்பிக்கு விட்டுக்கொடுத்த உலோகத் துப்பாக்கி என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

பல்லுறுப்பிக்கு வேறு சில நன்மைகளும் உள்ளன. அது துருப்பிடிப்பதில்லை. கடற்கரை ஊர்களிலும், வியர்வை படும்படி உடலோடு ஒட்டி அணியும்போதும் இது பயன்தரும். வார்ப்பு அச்சில் ஒரே முறையில் செய்ய முடிவதால், பெருமளவில் உற்பத்தி செய்யும்போது செலவு குறையும். டைட்டானியத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அது வலுவானது, துருவை எதிர்ப்பது. ஆனால் மூலப்பொருளும் விலை மிகுந்தது, கடைவதும் கடினம். நிர்பீக்கின் விலை உயர்ந்ததற்கு இப்பொருள் தேர்வும் ஒரு காரணமாகும்.

பின்னுதைப்பு

குண்டு முன்னோக்கிச் செல்லும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதியின் நேரடி விளைவு. குண்டும் வெடிமருந்து வாயுவும் பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கியும் பெறுகிறது. தோட்டா மாறாதவரை இவ்வுந்தம் மாறாது. ஆனால் துப்பாக்கியின் இயக்க ஆற்றல், உந்தத்தின் வர்க்கத்தை எடையின் இருமடங்கால் வகுத்துக் கிடைப்பது. ஆகவே எடை குறையக் குறைய, கை ஏற்க வேண்டிய ஆற்றல் கூடுகிறது.

.32 நீள் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 6.35 கிராம் எடையுள்ளது; நொடிக்கு ஏறத்தாழ 215 மீட்டர் வேகத்தில் செல்வது. .38 ஸ்பெஷல் தோட்டாவின் வழக்கமான குண்டு 10.2 கிராம் எடையுடன் நொடிக்கு ஏறத்தாழ 230 மீட்டர் வேகத்தில் செல்வது. குட்டைக்குழலில் இவ்வேகங்கள் சற்றுக் குறையும். ஒப்பீட்டுக்காக இங்கு மாறாமல் கொள்ளப்படுகின்றன. வாயுவின் பங்கையும் தோராயமாகச் சேர்த்தால், முதலாவதன் உந்தம் ஏறத்தாழ 1.55 கி.கி.மீ./நொடி, இரண்டாவதன் உந்தம் ஏறத்தாழ 2.65 கி.கி.மீ./நொடி. இவற்றிலிருந்து கிடைக்கும் மதிப்புகள்:

- கான்பூர் .32 எஃகு (700 கிராம்): பின்னுதைப்பு வேகம் 2.2 மீ./நொடி, ஆற்றல் 1.7 ஜூல்
- நிர்பீக் .32 (500 கிராம்): பின்னுதைப்பு வேகம் 3.1 மீ./நொடி; ஆற்றல் 2.4 ஜூல்
- மாடல் 36, .38 எஃகு (553 கிராம்): பின்னுதைப்பு வேகம் 4.8 மீ./நொடி, ஆற்றல் 6.3 ஜூல்
- எல்.சி.ஆர்., .38 பல்லுறுப்பி (383 கிராம்): பின்னுதைப்பு வேகம் 6.9 மீ./நொடி, ஆற்றல் 9.2 ஜூல்

இவை தோட்டா இடாத எடையைக் கொண்டு கணக்கிடப்பட்டவை. இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. முதலாவது, எடைக் குறைப்புக்கு உரிய விலை உறுதியாகச் செலுத்தப்படுகிறது: எஃகிலிருந்து நிர்பீக்குக்கு மாறும்போது பின்னுதைப்பு ஆற்றல் 40 விழுக்காடு கூடுகிறது, மாடல் 36 இலிருந்து எல்.சி.ஆருக்கு மாறும்போது ஏறத்தாழ 44 விழுக்காடு கூடுகிறது. இரண்டாவது, தோட்டாவின் வேறுபாடு எடையின் வேறுபாட்டைவிடப் பெரியது. நிர்பீக்கின் பின்னுதைப்பு எல்.சி.ஆரின் பின்னுதைப்பில் ஏறத்தாழ கால் பங்கு மட்டுமே. சட்டத்தால் விதிக்கப்பட்ட சிறிய தோட்டாவே நிர்பீக்கை இவ்வளவு இலகுவாக்க இடமளித்தது எனலாம். அதற்கு ஈடாகக் குண்டின் ஆற்றலும் குறைவு: .38 இன் ஆற்றல் ஏறத்தாழ 270 ஜூல், .32 இன் ஆற்றல் ஏறத்தாழ 147 ஜூல்.

உணரப்படும் பின்னுதைப்பு கணக்கிட்ட ஆற்றலை மட்டும் பொறுத்ததன்று. கைப்பிடியின் அகலம், இரப்பர் உறை, குழல் கைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பன போன்றவற்றையும் பொறுத்தது. அகன்ற மென்பிடி, உதைப்பை உள்ளங்கையில் பரவச் செய்கிறது. எல்.சி.ஆர். அதன் எடைக்கு எதிர்பார்த்த அளவு கையை வருத்துவதில்லை என்று கூறப்படுவதற்குப் பல்லுறுப்பிக் கூட்டைவிட அதன் மென்பிடியே பெரிதும் காரணம்.

மிக இலகுவான துப்பாக்கிகளில் வலுமிக்க தோட்டாக்களைச் சுடும்போது மற்றொரு சிக்கலும் உண்டு. துப்பாக்கி சட்டெனப் பின்னோக்கி நகர்வதால், உருளையில் மீதமுள்ள தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னோக்கி நழுவலாம். அவ்வாறு நழுவிய குண்டு உருளையைச் சுழலவிடாமல் தடுக்கும். இதனால் சில நிறுவனங்கள் தம் மிக இலகுவான துப்பாக்கிகளில் பயன்படுத்தக்கூடாத தோட்டா வகைகளைக் குறிப்பிட்டு எச்சரிக்கின்றன.

விசையும் குறி தவறுதலும்

பின்னுதைப்பைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் மறக்கப்படுவது விசையை இழுக்கத் தேவைப்படும் வலு. சுழல் துப்பாக்கியில் சுத்தியலைக் கையால் பின்னிழுக்காமல் நேரடியாகச் சுட்டால், விசையை இழுக்கும் ஒரே அசைவு உருளையைத் திருப்பி, சுத்தியலை உயர்த்தி, விடுவிக்கவும் வேண்டும். இதற்குப் பொதுவாக 4 முதல் 6 கிலோ எடைக்கு நிகரான விசை தேவை. அதாவது 500 கிராம் எடையுள்ள பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன்மீது அதன் எடையைப்போல் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு விசையை ஒரு விரலால் செலுத்த வேண்டும். கனமான துப்பாக்கி தன் நிலைமத்தால் இந்த அசைவை ஓரளவு எதிர்க்கும். இலகுவான துப்பாக்கி எதிர்க்காது. குண்டு வெளியேறுவதற்கு முன்பே குறி விலகிவிடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

எல்.சி.ஆர். துப்பாக்கியின் உண்மையான புதுமை இங்கேதான் உள்ளது. அதன் விசையமைப்பில் உராய்வைக் குறைக்கும் நெம்புருள் ஒன்று பொருத்தப்பட்டு, இழுப்பு சீராக்கப்பட்டது. நிர்பீக் எடையைக் குறைத்தது. ஆனால் அதன் அறிமுகத்தில் விசையின் எளிமை பெரிதாகப் பேசப்படவில்லை. கைவலு குறைந்த ஒருவருக்காக வடிவமைக்கும் துப்பாக்கியில் 200 கிராம் எடைக் குறைப்பைவிட, 2 கிலோ விசைக் குறைப்பு கூடுதலாக உதவும் என்பது பொறியியல் நோக்கில் எண்ணத்தக்கது.

பயிற்சி

எஃகுத் துப்பாக்கியில் ஒரே அமர்வில் ஐம்பது முறை சுட்டுப் பழகுவது எளிது. மிக இலகுவான துப்பாக்கியில், குறிப்பாக .38 அளவில், சில சுற்றுகளிலேயே கை நோவதால் பலர் பயிற்சியைக் கைவிடுகின்றனர். நாள்தோறும் சுமக்க எளிதான துப்பாக்கி, பழகாமலேயே சுமக்கப்படும் துப்பாக்கியாகவும் ஆகிவிடக்கூடும். இந்தியாவில் .32 தோட்டாக்களின் விலையும், உரிமத்தில் குறிக்கப்படும் எண்ணிக்கை வரம்பும் பயிற்சியை மேலும் சுருக்குகின்றன.

உரிமம்

துப்பாக்கி வைத்திருப்பதை 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் ஒழுங்குபடுத்துகின்றன. தமிழ்நாட்டின் மாவட்டங்களில் உரிமம் வழங்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும், காவல் ஆணையரகம் உள்ள மாநகரங்களில் காவல் ஆணையருக்கும் உரியது. எடுத்துக்காட்டாக, தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் வாழும் ஒருவர் நிர்பீக் வாங்க விரும்பினால், முதலில் தருமபுரி மாவட்ட ஆட்சியரிடம் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் 21 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அலுவலரின் அறிக்கை பெறப்படும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் 2016 ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்துகின்றன.

பயிர்க் காவலுக்கான, முன்புறம் மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியையும், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய வழுவழுப்பான குழல் துப்பாக்கியையும் சட்டம் தனியாக வைத்துப் பார்க்கிறது. கைத்துப்பாக்கி அப்பிரிவில் அடங்காது. அதைக் கேட்பவர் தமக்குத் தக்க காரணம் இருப்பதாக அதிகாரிக்கு நிறைவு ஏற்படுத்த வேண்டும். பாலக்கோடு, பென்னாகரம் போன்ற காட்டோரப் பகுதிகளில் துப்பாக்கி என்றவுடன் நினைவுக்கு வருவது நாட்டுத் துப்பாக்கியே. உரிமமின்றி அதை வைத்திருப்பது குற்றம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமமற்ற சாதாரணத் துப்பாக்கிக்கே இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டித்தது.

தேர்தல் அறிவிக்கப்படும்போது உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்குமாறு மாவட்ட நிர்வாகம் ஆணையிடுவது வழக்கம். விலக்கு அளிக்கப்பட்டவர் தவிர ஏனையோர், தற்காப்புக்கென வாங்கிய துப்பாக்கி இன்றியே அவ்வாரங்களைக் கழிக்க வேண்டியிருக்கும்.

விமர்சனங்கள்

நிர்பீக் வெளியானபோது ஆயுதக் கட்டுப்பாட்டு ஆர்வலர்களும் பெண்கள் அமைப்புகளும் அதை எதிர்த்தனர். மகளிரைக் காக்கும் பொறுப்பை அரசு மகளிர் மீதே சுமத்துகிறது என்பதும், வன்முறைக்கு இரையான ஒரு பெண்ணின் நினைவை ஒரு விற்பனைப் பொருளுடன் இணைப்பது தகாது என்பதும் அவர்களது வாதங்கள். துப்பாக்கி வைத்திருப்பது துணிவு தரும், குற்றவாளிகளுக்கு அச்சமூட்டும் என்பது ஆதரவாளர்களின் வாதம்.

விலையும் ஒரு கேள்வியாயிற்று. பேருந்திலும் நடந்தும் வேலைக்குச் செல்லும் பெண்களே பொதுவிடங்களில் மிகுந்த இடருக்கு உள்ளாகின்றனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு ஒன்றேகால் இலட்சம் ரூபாய் எட்டாத தொகை.

இவற்றைவிட அடிப்படையான கேள்வி ஒன்றும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே அறிமுகமானவர்: உறவினர், அண்டை வீட்டார், நண்பர், உடன் பணிபுரிபவர். கைப்பையில் உள்ள துப்பாக்கி தெருவில் எதிர்ப்படும் அந்நியரை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டது. வீட்டுக்குள் நிகழும் வன்முறையில் அது எவரது கையில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

சட்டம் தற்காப்புரிமையை மறுக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பாலியல் வன்கொடுமை நோக்கிலான தாக்குதல், அமிலவீச்சு உள்ளிட்ட சில சூழல்களில் தற்காத்துக்கொள்பவரின் உரிமை தாக்குபவரின் உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளும் என்று முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100 ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 38 ஆம் பிரிவு அதையே கூறுகிறது. இவ்வுரிமை துப்பாக்கி உரிமம் உள்ளவருக்கு மட்டும் உரியதன்று.

பின்வந்த துப்பாக்கிகள்

நிர்பீக்கைத் தொடர்ந்து மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை, நிடர் என்னும் .22 சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும் இதன் எடை ஏறத்தாழ 250 கிராம் மட்டுமே. விலையும் நிர்பீக்கைவிட மிகக் குறைவு. எடைக் குறைப்பை மேலும் ஒரு படி கொண்டு சென்றாலும், அதற்காகத் தோட்டாவின் ஆற்றலைப் பெரிதும் விட்டுக்கொடுத்தது.

2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்டு, ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. கான்பூர், இஷாப்பூர் தொழிற்சாலைகளும், 1966 இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மேம்பட்ட ஆயுதங்கள் மற்றும் கருவிகள் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தன. அந்நிறுவனம் 2023 ஆகஸ்டில் பிரபல் என்னும் .32 சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. தோட்டா இடாத நிலையில் இதன் எடை ஏறத்தாழ 675 கிராம். குழல் நீளம் 76 மி.மீ. மடக்கித் திறக்கும் பழைய முறை கைவிடப்பட்டு, உருளை பக்கவாட்டில் வெளியே சாயும் முறை இதில் பின்பற்றப்பட்டது. இதன் சிறப்பாக முன்வைக்கப்பட்டது எடைக்குறைவு அன்று. 50 மீட்டர் வரை எட்டும் தொலைவே. நிர்பீக்கில் குறைக்கப்பட்ட எடையின் பெரும்பகுதி ஒன்பதே ஆண்டுகளில் பிரபலில் திரும்ப வந்துவிட்டது.

இவற்றையும் பார்க்கவும்

- சுழல் துப்பாக்கி
- பின்னுதைப்பு
- ஆயுதச் சட்டம், 1959
- திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை